காலையில் வந்தவரின் மின்னஞ்சல் மாலையில் திறந்தது ஏன்?

கேள்வி: திருகோணமலையில் உவர்மலைப் பக்கமாகச் சிறிய கொமினிகேஷன் ஒன்றை நடத்துகிறேன். நிழற்பிரதி, ஸ்கேன், ஓன்லைன் விண்ணப்பம், பரீட்சைப் பெறுபேறு என்று நாள் முழுவதும் இரண்டு கணினிகளிலும் ஆட்கள் மாறி மாறி இருப்பார்கள். போன கிழமை ஒரு மாணவன் தன் மின்னஞ்சலைத் திறக்கப்போக, காலையில் வந்துபோன ஆசிரியை ஒருவரின் ஜிமெயில் அப்படியே திறந்துகொண்டது. விடயம் அவர் காதுக்குப் போய், "நான் மூடிவிட்டுத்தானே போனேன்" என்று கோபித்துக்கொண்டார். இதற்கெல்லாம் குக்கீதான் காரணம், அது ஒருவகை வைரஸ், முழுவதையும் தடுத்துவிடுங்கள் என்கிறான் என் மகன். இன்னொன்று: ஒரு நாள் தையல் இயந்திரத்தின் விலை பார்த்தேன், அன்றிலிருந்து எந்தத் தளத்துக்குப் போனாலும் தையல் இயந்திரமே வந்து நிற்கிறது. "அக்செப்ட் ஓல் குக்கீஸ்" என்று கேட்டால் அழுத்தலாமா, கூடாதா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, உங்கள் மகன் காரணத்தைச் சரியாகப் பிடித்திருக்கிறார்; மருந்தைத்தான் பிழையாகச் சொல்லிவிட்டார். குக்கீ வைரஸ் அல்ல. அதை முழுவதுமாகத் தடுத்தால் உங்கள் கடையில் பெரும்பாலான ஓன்லைன் விண்ணப்பங்களை நிரப்ப முடியாமல் போகும்.

விளக்கத்துக்கு முன் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். அந்த ஆசிரியையின் கணக்கு உங்கள் கணினியில் இன்னும் திறந்திருந்தால், எதையும் வாசிக்காமல் மேல் மூலையிலுள்ள அவரது படத்தை அழுத்தி "சைன் அவுட்" செய்யுங்கள். அவரும் தமது கைத்தொலைபேசியில் கூகிள் கணக்கைத் திறந்து, "செக்யூரிட்டி" பகுதியில் "யுவர் டிவைசஸ்" என்பதற்குப் போனால், கணக்கு திறந்திருக்கும் கருவிகள் எல்லாம் வரிசையாகத் தெரியும். அவற்றுள் உங்கள் கடைக் கணினியைத் தெரிந்து, அங்கிருந்தே வெளியேற்றிவிடலாம். இப்படி ஒரு வசதி இருப்பதை நானும் பட்டுத்தான் அறிந்தேன். சில வருடங்களுக்கு முன் கண்டியில் ஒரு கடையில் அவசரமாக ஓர் ஆவணத்தை அச்சிட்டுவிட்டு பஸ் ஏறிய எனக்கு, ஹபரணையில் தேநீருக்கு நிறுத்தியபோதுதான் கணக்கை மூடாமல் வந்தது நினைவுக்கு வந்தது. கையில் இருந்த தேநீர் ஆறும்வரை தொலைபேசியில் தேடித்தான் அந்த இடத்தைக் கண்டுபிடித்தேன்.

இனிக் குக்கீ என்றால் என்ன என்று பார்ப்போம். வைத்தியசாலையில் மாதாந்தக் கிளினிக்குக்குப் போகிறவர்கள் கையில் ஒரு கொப்பி வைத்திருப்பார்கள். இந்த மாதம் பார்க்கும் டொக்டர் போன மாதம் பார்த்தவராக இருக்க வேண்டியதில்லை. நோயாளியின் முகம் அவருக்கு ஞாபகம் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. கொப்பியைத் திறந்தால் முன்பு என்ன மருந்து கொடுத்தார்கள், அடுத்த தவணை எப்போது என்பது தெரிந்துவிடும். நினைவு வைத்தியரிடம் இல்லை, நோயாளி சுமந்து வரும் கொப்பியில் இருக்கிறது. இணையத்தளங்களும் இப்படிப்பட்ட மறதிக்காரர்கள்தான். ஒரு தளத்தில் நீங்கள் ஒரு பக்கத்திலிருந்து அடுத்த பக்கத்துக்குப் போகும் ஒவ்வொரு தடவையும், அந்தத் தளத்தைப் பொறுத்தவரை நீங்கள் முன்பின் தெரியாத ஆள். ஆகவே தளம் முதல் தடவையே ஒரு சிறு எழுத்துத் துண்டை உங்கள் உலாவியிடம், அதாவது குரோம் அல்லது ஃபயர்பொக்ஸிடம், கொடுத்து வைக்கிறது. அடுத்த தடவை அதே தளத்துக்குப் போகும்போது உலாவி அந்தத் துண்டை நீட்டுகிறது. "ஓ, இவரா" என்று தளம் அடையாளம் கண்டுகொள்கிறது. அந்தத் துண்டுதான் குக்கீ. 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் வேலை செய்த லூ மொண்டுலி என்ற பொறியியலாளர், இணையக் கடைகளில் வாங்குபவர் தெரிந்து வைத்த பொருட்களைக் கடையின் கணினி நினைவில் வைத்திருக்கத் தேவையில்லாதபடி செய்வதற்காக இந்த முறையைக் கொண்டுவந்தார்.

கிளினிக் கொப்பிக்கும் குக்கீக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. கொப்பியில் விபரம் எழுதியிருக்கும். குக்கீயில் பெரும்பாலும் ஓர் இலக்கம்தான் இருக்கும், விபரங்கள் தளத்தின் பேரேட்டில் இருக்கும். இதைக் கண்ணால் பார்த்தால் பாதிப் பயம் தெளிந்துவிடும். குரோமில் ஏதாவதொரு தளத்தைத் திறந்து, விசைப்பலகையில் எஃப் 12 விசையை அழுத்தி, வரும் பகுதியில் "அப்ளிகேஷன்" என்பதையும் அதன் கீழ் இடப்பக்கத்தில் "குக்கீஸ்" என்பதையும் தெரியுங்கள். ஓர் அட்டவணை விரியும். முதல் நிரலில் குக்கீயின் பெயர். அடுத்ததில் எழுத்தும் இலக்கமும் கலந்த, வாசித்தால் பொருள் தராத நீண்ட சரம். பிறகு அது எந்தத் தளத்துக்குரியது என்பது. சற்றுத் தள்ளிக் காலாவதித் திகதி. இவ்வளவுதான். ஏறத்தாழ 4 கிலோபைட்டுக்கு மேல் ஒரு குக்கீ வளர முடியாது. அது தானாக இயங்குவதும் இல்லை, கணினியில் உள்ள கோப்புகளைத் தொடுவதும் இல்லை.

அந்தக் காலாவதி நிரலைச் சற்று நிதானமாகப் பாருங்கள், ஏனென்றால் ஆசிரியையின் கோபத்துக்கு விடை அங்கேதான் இருக்கிறது. சிலவற்றுக்கு நேராக "செஷன்" என்று இருக்கும். அவை உலாவியை மூடியதும் அழிய வேண்டியவை. மற்றவற்றுக்கு ஒரு திகதி இருக்கும். அந்தத் திகதி வரும்வரை, கணினியை நிறுத்தினாலும் மின்சாரம் போனாலும் அவை இருக்கும். 2022 முதல் குரோம் எந்தக் குக்கீயையும் 400 நாட்களுக்கு மேல் வைத்திருப்பதில்லை, ஆனால் 400 நாட்கள் என்பது ஒரு வருடத்துக்கும் கூடியது. ஜிமெயிலில் ஒருவர் உள்நுழைந்ததும் கூகிள் கொடுக்கும் குக்கீகள் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. ஆகவே ஆசிரியை உண்மையைத்தான் சொன்னார், அவர் மூடினார். சாளரத்தை மூடுவது வேறு, கணக்கிலிருந்து வெளியேறுவது வேறு என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. மாணவன் ஜிமெயிலைத் திறந்தபோது உலாவி ஆசிரியையின் துண்டையே நீட்டியது. துண்டை நீட்டுவது யார் என்று கூகிளுக்கு எப்படித் தெரியும்?

உலாவியை மூடினால் அழிய வேண்டிய குக்கீகளும் சில கடைகளில் அழியாமல் இருக்கின்றன. குரோமின் செட்டிங்ஸில் "ஓன் ஸ்டார்ட்டப்" என்ற பகுதியில் "கன்டினியூ வேர் யூ லெஃப்ட் ஓஃப்" தெரிவாகியிருந்தால், விட்ட இடத்திலிருந்து தொடர்வதற்காக உலாவி அவற்றையும் பத்திரப்படுத்தி வைத்துக்கொள்ளும். வீட்டுக் கணினியில் இது வசதி. பலர் தொடும் கணினியில் இதை விட்டுவைப்பது, ஒருவருடைய கொப்பியை அடுத்தவர் கதிரையில் வைத்துவிட்டுப் போவதற்குச் சமம். முதலில் இதை மாற்றுங்கள்.

இனி உங்கள் கடைக்கு நான் சொல்லும் ஏற்பாடு. வாடிக்கையாளர் எவரும் குரோமைச் சாதாரணமாகத் திறந்து பயன்படுத்த வேண்டாம். வலப்பக்க மேல் மூலையிலுள்ள வட்டத்தை அழுத்தினால் "கெஸ்ட்" என்று ஒரு தெரிவு இருக்கும். அந்த விருந்தினர் சாளரத்தில் உலாவியதன் தடங்கள், பார்த்த பக்கங்களின் வரலாறாயினும் குக்கீயாயினும், சாளரத்தை மூடியதும் போய்விடும். உங்கள் சொந்தக் கணக்கும் சேமித்த கடவுச்சொற்களும் வாடிக்கையாளரின் கண்ணில் படாது. கணினி பார்க்கும் பையனிடம் சொன்னால், குரோம் சின்னத்தை அழுத்தியதும் நேரே விருந்தினர் சாளரம் திறக்கும்படி அமைத்துத் தருவார். ஐந்து நிமிட வேலை அது.

பலர் இதற்குப் பதிலாக, பார்த்ததன் தடத்தை வைத்துக்கொள்ளாத "இன்கொக்னிட்டோ" சாளரத்தை நம்புகிறார்கள். அதுவும் கெட்டதல்ல, ஆனால் இரண்டுக்கும் பொதுவான ஒரு நுணுக்கத்தைக் கவனிக்க வேண்டும். திறந்திருக்கும் இன்கொக்னிட்டோ சாளரங்கள் எல்லாம் ஒரே குக்கீப் பையைத்தான் பகிர்ந்துகொள்கின்றன. விருந்தினர் சாளரங்களும் அப்படியே. முதலாமவர் தம் சாளரத்தைச் சிறிதாக்கி ஓரத்தில் விட்டுவிட்டுப் போயிருக்க, இரண்டாமவருக்கு நீங்கள் புதிதாக ஒன்றைத் திறந்து கொடுத்தால், முதலாமவரின் மின்னஞ்சல் அதிலும் திறக்கும். கடைசிச் சாளரம் மூடப்பட்டால்தான் பை காலியாகும். ஆகவே ஆள் எழும்பியதும் எல்லாச் சாளரங்களையும் மூடி, பிறகே அடுத்தவரை இருத்துங்கள். பெறுபேறு வெளியாகும் நாளில் வாசல்வரை கூட்டம் நிற்கும்போது இது கைப்பழக்கமாக இருந்தால்தான் நடக்கும்.

வெளியேறும் பொத்தானை அழுத்தும்படி வாடிக்கையாளரிடம் அப்போதும் சொல்லுங்கள். குக்கீயை அழிப்பது நம் பக்கத்துத் துண்டைக் கிழித்தெறிவது மட்டுமே. "சைன் அவுட்" செய்யும்போது அந்த இலக்கம் இனிச் செல்லாது என்று தளத்தின் பேரேட்டிலும் பதிவாகும். துண்டை யாராவது ஏற்கெனவே பிரதி எடுத்திருந்தால் இந்த வேறுபாடு பெரிது.

பிரதி எடுப்பார்களா என்று கேட்பீர்கள். எடுக்கிறார்கள். வைரஸ் பற்றி உங்கள் மகன் சொன்னதில் உள்ள உண்மை இங்கேதான் இருக்கிறது: குக்கீ வைரஸ் அல்ல, ஆனால் குக்கீயைத் திருடுவதற்கென்றே எழுதப்பட்ட வைரஸ்கள் உண்டு. உள்நுழைந்ததற்கான குக்கீ ஒருவர் கையில் கிடைத்தால் அவருக்குக் கடவுச்சொல்லும் தேவையில்லை, தொலைபேசிக்கு வரும் ஓடிபி இலக்கமும் தேவையில்லை, ஏனென்றால் அவ்விரண்டையும் தாண்டிய பிறகு கொடுக்கப்படும் துண்டு அது. இத்தகைய வைரஸ்கள் பெரும்பாலும் "கிரக்" செய்த இலவச மென்பொருட்களோடு ஒட்டிக்கொண்டு வருகின்றன. படம் திருத்துவதற்கும் தட்டச்சுக்கும் நம் ஊர்க் கடைகளில் என்னென்ன நிறுவப்பட்டிருக்கின்றன என்பது எனக்குத் தெரியும், ஆகையால் இதற்கு மேல் சொல்லவில்லை. போதாததற்கு வருகிறவர் ஒவ்வொருவரும் ஒரு பென் டிரைவைச் செருகுகிறார்கள். விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பான் "டிஃபெண்டர்" நிறுத்தப்படாமல் இருக்கிறதா என்று ஒருதரம் பாருங்கள்.

தையல் இயந்திரத்துக்கு வருவோம். இதுவரை சொன்னவை நீங்கள் போன தளமே கொடுத்த குக்கீகள். விளம்பரத்தின் குக்கீ அப்படிப்பட்டதல்ல. அது மூன்றாம் தரப்பினுடையது. மத்திய வீதியிலுள்ள புடவைக் கடை, நகைக் கடை, மருந்தகம் எல்லாவற்றின் வாசலிலும் ஒரே நிறுவனத்தின் ஆள் ஒருவர் கதிரை போட்டு இருப்பதாக நினையுங்கள். நீங்கள் முதற் கடைக்குள் போகும்போதே உங்கள் கையில் ஓர் இலக்கத்தைத் தந்துவிடுகிறார். பெயர் கேட்பதில்லை. பிறகு எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் அங்குள்ள ஆள் அந்த இலக்கத்தைப் பார்த்து, இன்ன இலக்கக்காரர் இன்னதை விலை பார்த்தார் என்று ஒரே பேரேட்டில் எழுதுகிறார். தையல் இயந்திரம் விற்ற தளத்தின் பக்கத்தில் விளம்பர நிறுவனமொன்றின் சிறு கணினி நிரல் பதிந்திருந்தது. நீங்கள் அடுத்த நாள் செய்தி வாசிக்கப் போன தளத்திலும் அதே நிறுவனத்தின் நிரல் இருந்தது. உங்கள் உலாவி இரண்டு இடத்திலும் ஒரே இலக்கத்தை நீட்டியது. இயந்திரத்தை ஒருவர் வாங்கிய பிறகும் விளம்பரம் தொடர்வது, பெரும்பாலும் வாங்கிய செய்தி அந்தப் பேரேட்டுக்குப் போய்ச் சேராததால்தான்.

இந்த மூன்றாம் தரப்புக் குக்கீயைத் தடுப்பதால் உங்களுக்கு இழப்பு மிகக் குறைவு. அப்பிளின் சஃபாரி 2020 மார்ச்சிலிருந்து இவற்றை முழுமையாகத் தடுக்கிறது. ஃபயர்பொக்ஸ் 2022 ஜூனிலிருந்து ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனிப் பை கொடுத்து, ஒரு தளத்தில் பெற்ற இலக்கத்தை இன்னொரு தளத்தில் காட்டாமல் வைத்திருக்கிறது. கூகிளும் இரண்டு வருடத்துக்குள் குரோமிலிருந்து நீக்கிவிடுவதாக 2020 ஜனவரியில் அறிவித்தது. பல தடவை தள்ளிப்போட்டு, 2024 ஜூலையில் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. பயனரிடம் தனியாக ஒரு தெரிவைக் கேட்கப்போவதும் இல்லை என்று 2025 ஏப்ரலில் சொல்லிவிட்டது. விளம்பர வருமானத்தில் வாழும் நிறுவனத்தின் உலாவி இந்த விடயத்தில் கடைசியாக நிற்பது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. ஆகவே குரோமில் நீங்களே தடுக்க வேண்டும். செட்டிங்ஸ், அதனுள் "பிரைவசி அண்ட் செக்யூரிட்டி", அதனுள் "தேர்ட் பார்ட்டி குக்கீஸ்". அங்கே தடுக்கும் தெரிவை அழுத்துங்கள். அண்ட்ரொய்ட் தொலைபேசிக் குரோமில் இது "சைட் செட்டிங்ஸ்" என்பதன் கீழ் இருக்கும். தடுத்த பின் ஏதாவதொரு தளத்தில் கட்டணம் செலுத்தும் பகுதியோ உள்நுழையும் பகுதியோ வேலை செய்யாவிட்டால், அந்த ஒரு தளத்துக்கு மட்டும் விலக்கு அளிக்கலாம். மகன் சொன்னபடி எல்லாக் குக்கீகளையும் தடுத்தால் அநேகமாக எந்தத் தளத்திலும் உள்நுழையவே முடியாது. கடவுச்சொல்லைச் சரியாகக் கொடுத்தாலும் தளம் அடுத்த பக்கத்திலேயே உங்களை மறந்துவிடும்.

இதனால் தையல் இயந்திரம் முற்றாக மறையும் என்று நான் வாக்களிக்கமாட்டேன். நீங்கள் கூகிளில் உள்நுழைந்தபடியே தேடியிருந்தால் அந்தத் தேடல் உங்கள் கணக்கோடு சேர்ந்திருக்கும். அதற்குக் கூகிள் கணக்கின் "மை அட் சென்டர்" என்ற இடத்தில் ஆளுக்கேற்ற விளம்பரத்தை அணைக்க வேண்டும். திரையின் வலப்பக்கக் கீழ் மூலையிலிருந்து விளம்பரம் எழும்பி வந்தால், அது குக்கீயே அல்ல. ஏதோ ஒரு தளம் அறிவித்தல் அனுப்ப அனுமதி கேட்டபோது யாரோ ஒருவர் "அலோ" என்று அழுத்தியதன் விளைவு. செட்டிங்ஸில் "நோட்டிஃபிகேஷன்ஸ்" என்பதற்குப் போய், தெரியாத தளங்களை நீக்கிவிடுங்கள்.

"அக்செப்ட் ஓல்" என்ற கேள்விக்கு என் விடை சுருக்கமானது: "ரிஜெக்ட் ஓல்" இருந்தால் அதை அழுத்துங்கள். தளம் இயங்கத் தேவையான குக்கீகள் அப்போதும் வரும், பக்கமும் வழமைபோலத் திறக்கும். அப்படி ஒரு பொத்தான் இல்லாவிட்டால் "மனேஜ்" அல்லது "செட்டிங்ஸ்" என்று சிறிய எழுத்தில் இருப்பதைத் திறந்து, தேவையானவற்றை மட்டும் விட்டு மற்றவற்றை அணைத்து, தெரிவைச் சேமியுங்கள். இந்தக் கேள்வி உவர்மலையில் இருக்கும் உங்களிடம் கேட்கப்படுவதற்குக் காரணம் பெரும்பாலும் ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டங்கள். இலத்திரனியல் தொடர்பாடலில் அந்தரங்கம் பற்றிய, 2009இல் திருத்தப்பட்ட பணிப்புரையும் 2018 மே 25 முதல் நடைமுறைக்கு வந்த தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதியும், அவசியமற்ற குக்கீகளுக்குப் பயனரின் சம்மதம் வேண்டும் என்கின்றன. பல தளங்கள் நாடு பார்க்காமல் எல்லோரிடமும் ஒரே பெட்டியைக் காட்டிவிடுகின்றன. ஏற்பது ஓர் அழுத்தில் முடிய, மறுப்பதற்குப் பல அழுத்துகள் தேவைப்படும்படி பெட்டியை அமைத்ததற்காகப் பிரான்சின் தரவுப் பாதுகாப்பு ஆணையகம் கூகிளுக்கு 150 மில்லியன் யூரோவும் பேஸ்புக்குக்கு 60 மில்லியன் யூரோவும் தண்டம் விதித்ததாக 2022 ஜனவரியில் அறிவித்தது. மறுக்கும் பொத்தான் இப்போது கண்ணுக்குத் தெரியும் இடத்துக்கு வந்திருப்பதில் அதற்கும் பங்கு உண்டு. நம் நாட்டிலும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியிருக்கிறது, ஆனால் நீங்கள் பார்க்கும் பெட்டிகள் அதனால் வந்தவை அல்ல.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. நீங்கள் மறுத்தீர்கள் என்ற செய்தியையும் தளம் ஒரு குக்கீயில்தான் எழுதி வைக்கிறது. விருந்தினர் சாளரத்தில் எல்லாம் அழிந்துவிடுவதால், அதே தளம் அடுத்த வாடிக்கையாளரிடமும் மறுபடி கேட்கும். அந்தச் சிறு தொல்லையைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. விருந்தினர் சாளரம் குக்கீயை அழிக்கும். தரவிறக்கிய கோப்பை அழிக்காது. வங்கிக் கூற்று, கடவுச்சீட்டு விண்ணப்பம், அடையாள அட்டையின் இரு பக்க ஸ்கேன் எல்லாம் "டவுன்லோட்ஸ்" கோப்புறையிலும் திரையிலும் அப்படியே கிடக்கும், அவற்றைத் திறக்க எவருக்கும் கடவுச்சொல் தேவைப்படாது. இன்று கடை பூட்டுமுன் அந்தக் கோப்புறையைத் திறந்து, எத்தனை பேருடைய அடையாள அட்டை அதற்குள் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். பிறகு அழித்துவிட்டு, குப்பைத் தொட்டியையும் காலியாக்குங்கள்.